காற்று புகாத இடமெல்லாம் இவற்றின் வீடு! உறையூர் வீதியிலிருந்து ஓர் உலா

திருச்சி உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அம்மனின் கருவறைக்கு மேலே கூரை கிடையாது. வெயில், மழை, காற்று எல்லாம் நேராக அம்மன் மீதே படும்.

அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துகள். அங்கே செப்டிக் டேங்க் லாரி வந்து நிற்பது புதிய காட்சி அல்ல. தடித்த ரப்பர் குழாயை இழுத்துப் போடுவார்கள். மோட்டார் உறுமும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சிமென்ட் சிலாப்பை நகர்த்தினால், உள்ளே கறுப்பாக ஒரு குழம்பு.

அந்தக் குழம்புக்குள் ஆக்சிஜன் இல்லை. ஆனால், உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சாப்பிடுகின்றன, பெருகுகின்றன, சொந்த வீடு போலக் குடித்தனம் நடத்துகின்றன. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அவை.

இவை எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடினால், பதில் நம் காலடியில் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிறது. உறையூரின் பழைய மண்ணிலும் இருக்கிறது. இந்தத் தேடல் வெறும் பொது அறிவுக்காக மட்டும் அல்ல. இவை வாழும் இடம் எது என்று தெரிந்தால், சில உயிர்களைக் காப்பாற்றலாம்.

ஒரு துளிக்குள் கிடைத்த ரகசியம்

1861-ம் ஆண்டு. பிரான்ஸ் விஞ்ஞானி லூயி பாஸ்டர், கெட்டுப்போன வெண்ணெயின் வாடை தரும் பியூட்டிரிக் அமிலம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். புளித்த திரவத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். துளியின் நடுவில் இருந்த கிருமிகள் துள்ளிக்கொண்டிருந்தன. காற்று படும் ஓரத்தில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன.

அதுவரை எல்லோரும் நம்பியது, காற்றில்லாமல் உயிரில்லை என்பதைத்தான். இங்கோ காற்றே எமனாக இருந்தது! காற்றின்றி வாழும் உயிர் என்ற பொருளில் 'அனெரோபிக்' என்ற சொல்லும் பாஸ்டர் தந்ததுதான்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஆக்சிஜன் பட்டாலே முடங்கிப்போகும் கறார் பேர்வழிகள் ஒரு வகை. ஆக்சிஜன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று அனுசரித்துப்போகும் வகை இன்னொன்று. நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாக்கள் இந்த இரண்டாவது கட்சி.

உண்மையில் இவைதான் பூமியின் மூத்த குடிகள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பிறகு ஆக்சிஜன் பெருகியபோது, அதைத் தாங்க முடியாதவை காற்று எட்டாத இடங்களில் தங்கிவிட்டன. சேற்றுக்குள், கடலடியில், பாறை இடுக்கில், பிற்காலத்தில் விலங்குகளின் குடலில்.

கருங்கடலில் சுமார் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. மரத்தை அரிக்கும் உயிரினங்கள் அங்கே வாழ முடியாது. அதனால்தான் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கப்பல் ஒன்று, பாய்மரக் கம்பம்கூடச் சிதையாமல் 2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், சூரியனையும் காற்றையும் அறியாத பாக்டீரியா இனம் ஒன்று வாழ்வதை 2008-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உறையூருக்கே திரும்புவோம்.

சாயத் தொட்டி சொல்லும் கதை

உறையூர் முற்காலச் சோழர்களின் தலைநகரம். அன்றைக்கும் இன்றைக்கும் நெசவுக்குப் பெயர்போன ஊர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்தியபோது, செங்கல்லால் கட்டிய பழங்காலச் சாயத் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் இதுபோன்ற தொட்டிகள் கிடைத்திருக்கின்றன.

சாயத் தொட்டிக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டின் புகழ்பெற்ற சாயமான அவுரி நீலத்தை எடுத்துக்கொள்வோம். அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் இறங்காது. ஆகவே சாயக்காரர்கள் தொட்டியில் நீலத்தோடு சுண்ணாம்பு, வெல்லம், தகரை விதை போன்றவற்றைப் போட்டுப் புளிக்க வைப்பார்கள். புளிக்கப் புளிக்கத் தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். காற்றில்லா பாக்டீரியாக்கள் வேலையை ஆரம்பிக்கும். நீலம் நிறம் மாறி, மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்துவிடும்.

அதில் துணியை முக்கி எடுத்தால் முதலில் பச்சையாகத்தான் தெரியும். காற்று பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். ஐரோப்பாவின் பழைய முறை நீலத் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்த இப்படியொரு பாக்டீரியாவுக்கு 1999-ல்தான் விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். பெயர் தெரியாமலேயே பல நூற்றாண்டுகளாக அவற்றை வேலை வாங்கியவர்கள் சாயக்காரர்கள்.

வாய்க்கால் சேறு ஏன் கறுப்பு?

உறையூர்வாசிகளுக்கு உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தெரியாமல் இருக்காது. ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் வாய்க்கால். காவிரியில் பிரிந்து, வயல்களுக்குப் பாய்ந்து, திருச்சி நகருக்குள்ளும் ஓடுகிறது.

தண்ணீர் ஓடும்போது அதில் காற்று கலந்துகொண்டே இருக்கும். ஓட்டம் நின்று, வீட்டுச் சாக்கடையும் சேர்ந்தால், கழிவைத் தின்னும் சாதாரண பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துவிடும். அதன் பிறகு மீன் பிழைக்காது. காற்றில்லா பாக்டீரியாக்களின் ஆட்சி தொடங்கும்.

அவற்றில் ஒரு கூட்டம், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல, தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகிறது. கழிவாக ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியே விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு, சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம் வருகிறது. எந்த வாய்க்காலிலாவது கறுப்புச் சேறும் குமிழியும் முட்டை நாற்றமும் ஒன்றாகத் தெரிந்தால், அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குச் சோதனைச்சாலைகூட வேண்டாம்.

குமிழியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவதும் அதே மீத்தேன்தான். இதை உண்டாக்குபவை, பாக்டீரியாவின் தூரத்துப் பங்காளிகளான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். அவையும் காற்றே ஆகாதவைதான்.

வாய்க்கால் பாயும் நெல் வயலிலும் இதே கதை. தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. மீத்தேன் உண்டாகி, நெல் தண்டு வழியாகவே வெளியேறும். பூமியைச் சூடாக்குவதில் மீத்தேனுக்குப் பெரிய பங்கு உண்டு. இதற்கு மருந்து நம் விவசாயிகளுக்குத் தெரிந்த 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை. வயலை இடையிடையே காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சினால், மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தண்ணீரும் மிச்சம்.

வயிற்றுக்குள்ளும் ஒரு செப்டிக் டேங்க்!

நம் பெருங்குடலிலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை காற்றில்லாமல் வாழ்பவை. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை செரித்து, குடல் சுவருக்கே உணவு தருகின்றன. பாஸ்டர் கண்ட அதே பியூட்டிரிக் அமிலத்தின் வடிவம்தான் அந்த உணவு! தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் பெருகும் பிஃபிடோ பாக்டீரியாவும் இந்த ரகம்தான்.

பல் ஈறுகளின் இடுக்கு இன்னொரு முகவரி. சரியாகப் பல் துலக்காவிட்டால், அங்கே படியும் படலத்துக்கு அடியில் இவை சேரும். வாய் நாற்றத்துக்கும் ஈறு வீக்கத்துக்கும் அவை முக்கியக் காரணம்.

மாட்டின் முதல் வயிறு சுத்தமாகக் காற்றில்லாத பானை. வைக்கோலை உடைப்பது மாடு அல்ல, மாட்டுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். அந்த வேலையின்போது உருவாகும் மீத்தேனை மாடு ஏப்பமாக விடுகிறது.

ஆணியில் துரு இருந்தால்தான் ஆபத்தா?

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் நமக்கு வேலைக்காரர்கள். ஆபத்தான உறவினர்களும் உண்டு.

ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸை உண்டாக்குவது, மண்ணிலும் சாணத்திலும் விதை போன்ற கடின வடிவில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும் ஒரு காற்றில்லா பாக்டீரியா. 'துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ்' என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. துரு காரணமல்ல. ஆணி ஆழமாகக் குத்தும், அந்தத் துளைக்குள் காற்று போகாது. அது போதும், தூங்கும் விதை விழித்துக்கொள்ளும். புது ஆணியோ, கருவேல முள்ளோ, மண்பட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான். காயத்தைக் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போய் ஊசி தேவையா என்று கேட்பதே சரி.

இந்தப் பாக்டீரியாவை 1889-ல் முதன்முதலில் தனியாக வளர்த்தவர் ஜப்பானின் கிடசாட்டோ ஷிபசபுரோ. ஆக்சிஜனுக்குப் பதில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி வளர்த்தார். அந்த ஆய்வு வழியாகத்தான் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பாதை பிறந்தது. 2024-ல் வெளியான ஜப்பானின் 1,000 யென் நோட்டில் இருப்பது இவர் முகம்தான். தாய்மார்களையும் பச்சிளம் குழந்தைகளையும் தாக்கும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நாடாக 2015-ல் இந்தியா அங்கீகரிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசிக்கும், சுத்தமான பிரசவத்துக்கும் கிடைத்த வெற்றி அது.

இன்னொன்று, காற்று புகாத டப்பா உணவில் வளரக்கூடிய பாட்டுலினம். டப்பா உப்பியிருந்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். தேனில் இதன் விதைகள் இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சிலாப்புக்குக் கீழே இருக்கும் எமன்

இப்போது அந்தச் சந்துக்கு, லாரி நின்ற இடத்துக்கு வருவோம்.

செப்டிக் டேங்க்கின் முன்னோடியை வடிவமைத்தவர் பிரான்ஸின் ழான் லூயி மூரா. 1881-ல் காப்புரிமை பெற்றார். பிறகு 1890-களில், இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் அதற்கு 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அடிப்படை இன்றும் அதேதான். கழிவு உள்ளே வரும், கனமானது அடியில் தங்கும், காற்றில்லா பாக்டீரியாக்கள் அதைத் தின்று குறைக்கும், தெளிந்த நீர் மறுபுறம் வெளியேறும். தின்ன முடியாத மிச்சம் சகதியாகச் சேரும். அதை 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும்.

இந்த பாக்டீரியாக்களைக் கடையில் வாங்கிப் போட வேண்டியதில்லை. மலத்திலேயே போதுமான அளவு இருக்கின்றன. ஆனால், ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயிலை வாளி வாளியாக ஊற்றினால் அவை செத்துப்போகும். தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

சிக்கல் இங்கேதான். பாக்டீரியாக்கள் தின்று முடித்து விடும் மூச்சில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு மூன்றும் உண்டு. மீத்தேன் தீப்பற்றும். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமானவை, தொட்டியின் அடியில் தங்கிவிடும்.

ஹைட்ரஜன் சல்பைடின் குணம் கொடூரமானது. கொஞ்சமாக இருக்கும்போது முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டால், மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிடும். 'வாடை போயிருச்சு, இனி இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் மிக ஆபத்தான நிமிடம். பத்து லட்சத்தில் 1,000 பங்கு என்ற அளவில், ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார்.

'மூடியைத் திறந்து ரொம்ப நேரம் ஆச்சு' என்பதும் பாதுகாப்பு அல்ல. வாயு, சகதிக்குள் குமிழியாகச் சிக்கியிருக்கும். கால் வைத்துக் கலக்கியதும் மொத்தமாகக் கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னும் மோசம். மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியைக் கவனித்திருப்பீர்கள்: 'அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் பலி.' அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை, இதுபோன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவிகிதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது. அண்ணன் விழுந்தால் தம்பி இறங்குவான். அப்பா விழுந்தால் மகன் இறங்குவான். பாசம்தான் இறங்க வைக்கிறது. ஆனால், உள்ளே பாசத்துக்கும் மூச்சு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்க்கிலோ பாதாளச் சாக்கடையிலோ யாரையும் இறக்கக் கூடாது. இது ஒப்பந்ததாரருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 5 ஆண்டுகள், 5 லட்சம் ரூபாய் வரை போகும்.

இந்த வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 'ஐந்நூறு ரூபாய் கொடுத்தா ஒருத்தர் இறங்கிடுவார்' என்று பேரம் பேசுகிறவர்கள், அந்த 'ஒருத்தர்' பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து, எந்த வறுமையிலிருந்து வருகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல், 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை வரவழையுங்கள். தமிழகத்தில் 14420 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

* லாரிக் குழாயால் எடுக்கட்டும், ஆள் இறங்க வேண்டாம். 'அடிச் சகதி வரலையே' என்று யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் சகதி மிஞ்சுவது நல்லதே, அடுத்த சுற்றுக்கு அதுதான் உறைமோர்.

* சிலாப் உடைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். விளையாடும் குழந்தைகளுக்கு அது பள்ளம் மட்டுமல்ல, விஷக்கிடங்கு.

* காற்றுப் போக்கிக் குழாயை அடைக்காதீர்கள். தொட்டி அருகே பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம்.

* யாராவது உள்ளே விழுந்துவிட்டால், பின்னாலேயே இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. முடிந்தால் மேலே இருந்தபடியே கயிற்றால் இழுக்கப் பாருங்கள்.

கழிவை லாரி எங்கே கொண்டுபோகிறது என்றும் கேளுங்கள். திருச்சியில் அதை இறக்க வேண்டிய இடம், மாநகராட்சி ஒதுக்கியிருக்கும் நீரேற்று நிலையங்கள். அங்கிருந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இரவோடு இரவாக வாய்க்காலில் திறந்துவிட்டால், உய்யக்கொண்டான் சேறு இன்னும் கறுப்பாகும்.

செப்டிக் டேங்க்கே இல்லாத வழியையும் திருச்சி மாவட்டம் காட்டியிருக்கிறது. முசிறி பகுதியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன் பரப்பிய ஈகோசான் கழிப்பறைகளில் சிறுநீரும் மலமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மலத்தின் மேல் சாம்பல் தூவி உலரவிட்டு, மாதங்கள் கழித்து உரமாக எடுப்பார்கள். தண்ணீரில் ஊறாத இடத்தில் விஷவாயுவும் சேராது, யாரும் குழிக்குள் இறங்கவும் வேண்டாம். சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

காற்றில்லா பாக்டீரியாக்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. சோறு செரிப்பதிலிருந்து துணிக்கு நீலம் ஏற்றுவதுவரை நமக்காக உழைப்பவை. அவற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான், காற்று வரக் கூடாது. அதே காற்றில்லாமல் சில நிமிடங்கள்கூட நம்மால் தாங்க முடியாது. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு லாரி வரும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சிலாப்பைச் சுற்றி நிற்பவர்களில் யாராவது உள்ளே இறங்கத் தயாராகிறார் என்றால், தடுத்து நிறுத்துங்கள்.